செம்மணி எலும்புகளும் புதிய அரசும்: பெயர் எப்போது கிடைக்கும்?

27 ஜூன் 2025

வாசகர் ஒருவர் கேட்டதை அப்படியே போடுகிறேன்: “மாற்றம் வேண்டும் என்று வாக்குப் போட்டீர்கள். இப்போது செம்மணியில் எலும்பு வந்துகொண்டிருக்கிறது. இந்த அரசாங்கம் மட்டும் பழசை என்ன செய்துவிடப் போகிறது?”

ஆமாம், போட்டேன். 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்திக்கு 225இல் 159 ஆசனங்கள் கிடைத்தன. யாழ்ப்பாணத்தையும் வென்றார்கள். அதில் என் வாக்கும் இருக்கிறது. பொருளாதாரத்துக்காகவோ ஊழலுக்கு எதிராகவோ மட்டும் நான் போடவில்லை. அந்தக் கூட்டணியின் தலைமைக் கட்சியான ஜே.வி.பி., 1987 முதல் 1989 வரை நடந்த கிளர்ச்சியில் தன் ஆட்களை ஆயிரக்கணக்கில் பறிகொடுத்த இயக்கம். பிள்ளையை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், பிறகு திரும்பவே இல்லை என்று அழுத தாய்மார் தெற்கிலும் இருந்தார்கள். தேடுகிற வலி தெரிந்த ஒரு கட்சி ஆட்சிக்கு வருகிறது, கொஞ்சமாவது விளங்கும் என்று நினைத்தேன். இன்னும் அந்த நினைப்பை விடவில்லை.

பெப்ரவரியில் யாழ்ப்பாணத்தில் செம்மணியை ஒட்டிய அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் எரியூட்டும் மண்டபம் கட்ட மண்ணை வெட்டியபோதுதான் எலும்பு தெரிந்தது. மே 15இல் அகழ்வு தொடங்கியது. முதல் கட்டத்தில் 19 பேர். அதில் சிறு பிள்ளைகளும். நேற்று முன்தினம் ஐ.நா. மனித உரிமை ஆணையாளர் வோல்கர் டர்க் வந்து பார்த்துவிட்டுப் போனார். செம்மணி வளைவுக்குப் பக்கத்தில் நீதி கேட்டு மூன்று நாள் ‘அணையா விளக்கு’ எரிந்தது. இரண்டாம் நாள் நானும் போய் நின்றேன்.

சர்வதேச விசாரணையா, உள்ளக விசாரணையா என்று பத்து வருடமாகச் சண்டை நடக்கிறது. அது தேவையான சண்டைதான். ஆனால் புதிய அரசிடம் நான் முதலில் கேட்பது அதைவிடச் சின்னது. மண்ணுக்குள்ளிருந்து வந்தவருக்கு ஒரு பெயர் கொடுங்கள். ஒரே ஒருவருக்கு என்றாலும் பரவாயில்லை.

28 ஜூன்

ஒரு திருத்தம். “யாழ்ப்பாணத்தையும் வென்றார்கள்” என்று எழுதியதைப் பார்த்தால் எல்லா ஆசனமும் அவர்களுக்குப் போனது போல் இருக்கிறது. 6இல் 3தான். மற்ற 3 தமிழ்த் தரப்புகளுக்கு. சனம் முழுவதும் மனம் மாறிவிட்டது என்று யாரும் எடுக்க வேண்டாம்.

6 ஜூலை

“உங்கள் வீட்டில் யாராவது?” என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். சரி, சொல்கிறேன்.

என் மாமா. அம்மாவின் கடைசித் தம்பி. 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. கிட்டத்தட்ட ஐந்து லட்சம் சனம், நாங்கள் போன பாதை செம்மணி வெளி. எனக்குப் பதினொரு வயது. மாமாவின் சைக்கிள் கரியரில் அரிசிச் சாக்குக்கு மேல் இருந்து போனேன். மழை. சைக்கிளை ஓட்ட இடமில்லை, ஒவ்வொரு அடியாக உருட்டினார். விடிந்தபோதும் நாங்கள் பாலத்தைத் தாண்டவில்லை. அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பினோம். 1996 ஆகஸ்டில் ஒரு நாள் அதே சைக்கிளில் மாமா வெளியே போனார். ஒரு சோதனைச் சாவடியில் மறித்து வைத்திருப்பதாகச் சனம் வந்து சொன்னது. அப்போது அவருக்கு 23 வயது. அந்த வருடம் இப்படி நூற்றுக்கணக்கான பேர் போனார்கள்.

அம்மம்மாவிடம் ஒரு சொப்பிங் பை இருந்தது. மாமாவின் அடையாள அட்டைப் பிரதி, பாஸ்போட் அளவுப் படம் நாலு, செஞ்சிலுவைத் துண்டு, கடிதங்கள், ஒவ்வொரு ஆணைக்குழுவும் கொடுத்த இலக்கங்கள். எந்த ஆணைக்குழு வந்தாலும் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போவார். ஒருமுறை நான் கூடப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பைலைப் புரட்டிவிட்டு, வாழ்வாதாரத்துக்கு ஏதாவது வேண்டுமா, தையல் மெஷின் ஒன்று எழுதட்டுமா என்று கேட்டார். அம்மம்மா, “வீட்டை ஒண்டு கிடக்கு தம்பி, என்ர பிள்ளைதான் இல்லை” என்றார்.

2019இல் அம்மம்மா போய்விட்டார். கடைசிவரை யாரும் அவரிடம் ஒரு துளி இரத்தமோ எச்சிலோ மரபணுச் சோதனைக்கு எடுக்கவில்லை. நான் ‘பெயர்’ என்று பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். எலும்பு கிடைத்தாலும் ஒப்பிட ஆள் உயிரோடு இருக்க வேண்டுமே. இந்தத் தாய்மாரின் வயதைப் பாருங்கள். ஒரு மரபணு வங்கி அமைக்க ஜெனீவாவில் இருக்கும் ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் அனுமதி தேவையில்லை. அரசியலமைப்பை மாற்ற வேண்டியதில்லை. மூன்றில் இரண்டு பெரும்பான்மையை வைத்திருக்கிற அரசுக்கு இது ஒரு வரவு செலவுத் திட்ட வரிதான்.

13 ஜூலை

முதல் குறிப்பில் ஜே.வி.பி.க்கு வலி தெரியும் என்று எழுதியதை ஒருவர் மறுத்திருக்கிறார். யுத்தத்தை வென்று முடி என்று ஊர்வலம் போனவர்களும் அவர்கள்தான், வடக்கு–கிழக்கு இணைப்பை உடைக்க உச்ச நீதிமன்றம் போனவர்களும் அவர்கள்தான் என்கிறார். உண்மை. 2006இல் அந்தத் தீர்ப்பு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வலி தெரிந்தவன் அடுத்தவன் வலியையும் அறிவான் என்று நான் போட்ட கணக்கு அவசரமானது.

ஆனாலும் மாத்தளையை நினைத்துப் பாருங்கள். 2012இல் மாத்தளை வைத்தியசாலை வளவில் 150க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் வந்தன. 1989 கிளர்ச்சிக் காலத்தவை என்று ஜே.வி.பி. சொன்னது. ஆய்வு செய்த தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவவும் 1986–1990 காலம் என்றுதான் சொன்னார். பிறகு ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று வந்து, அவை 1950க்கு முந்தியவை என்று மூடிவிட்டது. அந்தச் சிங்களத் தாய்மாருக்கும் பெயர் கிடைக்கவில்லை. அதே சோமதேவதான் இன்று செம்மணியில் நிற்கிறார்.

மன்னார் சதொச கடை வளவிலும் இதே கதை. 2018இல் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்று காபன் சோதனை செய்து 15ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டு வரை என்றது. சனம் இன்றுவரை நம்பவில்லை. யாரோ எங்கேயோ ஒரு பெட்டியை அனுப்பி, ஒரு கடதாசி திரும்பி வந்தால் நம்பிக்கை எப்படி வரும்? குடும்பங்களின் ஆட்கள் பக்கத்தில் நிற்க, அவர்கள் தெரிந்தெடுத்த நிபுணர் பார்க்க, மாதிரி எடுக்க வேண்டும். செம்மணியில் இதைச் செய்யாவிட்டால் மன்னாரின் அதே சந்தேகம் இங்கேயும் வந்து குந்திக்கொள்ளும்.

இந்த மார்ச்சில் பட்டலந்த அறிக்கையைப் பாராளுமன்றத்தில் வைத்தார்கள். நல்ல காரியம். அது அவர்களின் தோழர்களை அடைத்து வைத்த வதைமுகாம் பற்றிய அறிக்கை. தங்கள் வீட்டு இழவுக்குக் காட்டிய அக்கறையை அடுத்த வீட்டுக்கும் காட்டுவார்களா என்றுதான் காத்திருக்கிறேன்.

6 ஆகஸ்ட்

நேற்று செம்மணிக்குப் போனோம். அம்மாவும் நானும்.

எடுத்த பொருள்களைச் சனம் வந்து பார்த்து அடையாளம் காட்டலாம் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. எலும்புக்கூடுகளின் எண்ணிக்கை 130ஐத் தாண்டிவிட்டது. அந்த நீலப் புத்தகப் பையைப் பத்திரிகையில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதோடு வந்தது நாலைந்து வயதுப் பெண்பிள்ளை என்று மருத்துவ அறிக்கை சொல்கிறது. பால் போத்தல், விளையாட்டுச் சாமான், வளையல், செருப்பு, கிழிந்த துணிகள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனோம். வரிசையில் யாரும் கதைக்கவில்லை.

அம்மா துணிகளை மட்டும்தான் பார்த்தார். ஏன் என்று எனக்கு வெளியே வந்த பிறகுதான் தெரியும். மாமா போன அன்று போட்டிருந்தது வெளிர்நீலச் சேட். அதற்கு முதல் நாள் மேலிருந்து இரண்டாவது பொத்தான் கழன்றுவிட்டது. பொருளாதாரத் தடைக் காலம், வீட்டில் வெள்ளை நூல் இல்லை. பச்சை நூலால் அம்மா தைத்துக் கொடுத்திருக்கிறார். “வெளியிலை தெரியுதக்கா” என்று மாமா சொன்னாராம். இருபத்தொன்பது வருடமாக இதை அம்மா எங்களிடம் சொன்னதேயில்லை.

மண் எல்லா நிறத்தையும் தின்றுவிட்டது. அங்கே இருந்த துணியெல்லாம் ஒரே மண் நிறம். நீலம் எது, பச்சை எது? அம்மா ஒரு துணிக்கு முன்னால் நெடுநேரம் குனிந்து நின்றார். பிறகு இல்லை என்று தலையாட்டிவிட்டு அடுத்ததுக்குப் போனார்.

7 ஆகஸ்ட்

“உங்கள் மாமா அங்கே இருப்பார் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?”

சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. போய்ப் பார்க்க ஓர் இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

30 ஆகஸ்ட்

இன்று காணாமல் ஆக்கப்பட்டோர் தினம். கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய போராட்டம் ஒன்பதாவது வருடத்தில் நிற்கிறது. கொட்டிலுக்குள் ஒட்டியிருக்கும் படங்களில் பிள்ளைகளுக்கு வயது போகவில்லை. அதற்குக் கீழே இருக்கும் தாய்மாருக்குத்தான் போகிறது.

ஓ.எம்.பி. என்கிற காணாமல் போனோர் பற்றிய அலுவலகத்தைப் பற்றி ஒருவர் கேட்டார். 2016இல் சட்டம் வந்தது, 2018இல் வேலை தொடங்கியது. தேடும் அதிகாரம் அதற்கு உண்டு. வழக்குப் போடும் அதிகாரம் இல்லை. தாய்மார் ஆரம்பத்திலிருந்தே அதை ஏற்கவில்லை. 2022இல் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் தருகிறோம் என்றார்கள், அப்புறம் அது இரண்டு லட்சமானது. “காசை வைச்சுக்கொண்டு பிள்ளையைத் தா” என்பதுதான் றோட்டில் வந்த பதில். நான் நினைப்பது, அந்த அலுவலகத்தை மூடத் தேவையில்லை, அதன் கையில் ஒரு சாவி வேண்டும். 1996இல் எந்த முகாமில் எந்தப் படையணி நின்றது, யார் பொறுப்பு, தடுத்து வைத்தவர்களின் பதிவுப் புத்தகம் எங்கே என்பதெல்லாம் பாதுகாப்பு அமைச்சின் அலுமாரிகளில் இருக்க வேண்டியவை. பாதுகாப்பு அமைச்சர் ஜனாதிபதி அநுரகுமாரவேதான். வேறு யாரிடமும் அவர் கேட்க வேண்டியதில்லை.

8 செப்டம்பர்

நேற்று கிருசாந்தியின் நினைவு நாள். 1996 செப்டம்பர் 7. உயர்தர இரசாயனவியல் பரீட்சை எழுதிவிட்டு சைக்கிளில் வந்த பள்ளிக்கூடப் பிள்ளை. தேடிப் போன தாயும் தம்பியும் அயலவரும்கூட வீடு திரும்பவில்லை. அந்தக் கொலை வழக்கில் 1998இல் தண்டிக்கப்பட்ட இராணுவச் சிப்பாய் சோமரத்ன ராஜபக்சதான் செம்மணியில் 300 முதல் 400 பேர் வரை புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று நீதிமன்றத்தில் சொன்னவர். 1999இல் தோண்டி 15 உடல்களை எடுத்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். இப்போது இந்த மயானத்தில் மட்டும் எண்ணிக்கை 240 அளவில் வந்து நிற்கிறது. சர்வதேச விசாரணை என்றால் சாட்சி சொல்லத் தயார் என்று சோமரத்ன சிறையிலிருந்து சொல்லியிருப்பதாக அவர் மனைவி ஜனாதிபதிக்கு எழுதியிருக்கிறார். அவர் கொலைகாரன், நல்லவனாக்கத் தேவையில்லை. ஆனால் 27 வருடமாக உயிரோடு இருக்கிற ஒரு சாட்சியை முழுமையாக விசாரிக்காமல் விட்டது எந்த ஊர் நியாயம்?

“உள்நாட்டு நீதிமன்றம் கிருசாந்தி வழக்கில் தண்டித்ததே, ஏன் நம்பக் கூடாது?” என்று கேட்ட தம்பிக்கு: மிருசுவிலையும் சேர்த்துப் பாருங்கள். 2000 டிசம்பரில் எட்டுப் பேர் கொலை. 2015இல் இராணுவத்தினர் ஒருவருக்கு மரண தண்டனை. 2020 மார்ச்சில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அவருக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். பதினைந்து வருட வழக்கு ஒரே கையெழுத்தில் போனது. சட்டமா அதிபர் அரசாங்கத்தின் வழக்கறிஞர், அவரேதான் அரசின் ஆட்களுக்கு எதிராகவும் வழக்குத் தொடுக்க வேண்டும். தனியான, சுயாதீன வழக்குத்தொடுநர் அலுவலகம் அமைப்போம் என்று இந்த அரசு சொல்லியிருக்கிறது. அது உண்மையில் வந்தால் நான் பாராட்டுவேன்.

12 ஒக்டோபர்

ஜெனீவாவில் 6ஆம் திகதி இலங்கை பற்றிய 60/1 தீர்மானம் வாக்கெடுப்பில்லாமல் நிறைவேறியது. சாட்சியம் சேகரிக்கும் ஐ.நா. வேலை இன்னும் இரண்டு வருடம் தொடரும். வெளியார் பொறிமுறை வேண்டாம் என்று புதிய அரசும் சொல்லிவிட்டது. 2020இல் கோட்டாபய 2015இன் 30/1 தீர்மானத்திலிருந்து வெளியேறியபோது கேட்ட முரட்டுத் தொனி இல்லை, மென்மையாகச் சொன்னார்கள். தொனி மாறியதும் ஒரு மாற்றம்தான் என்று சிலர் எழுதுகிறீர்கள். நானும் ஏப்ரலில் அப்படித்தான் நினைத்தேன்.

ஏப்ரல் 10இல், இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்த வசாவிளான்–பலாலி வீதியைத் திறந்தார்கள். 34 வருடத்துக்குப் பிறகு. அடுத்த கிழமை அம்மாவை ஏற்றிக்கொண்டு அந்த வழியால் போனேன். காலை 6 முதல் மாலை 5 வரைதான். நடந்து போகக் கூடாது, நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. அம்மா சின்னதில் போய்வந்த ஒரு வளவைக் கடந்தோம். “கொஞ்சம் மெதுவா விடு” என்றார். விட்டேன். பனைகள் மட்டும் தெரிந்தன. வீதி திறந்ததற்குச் சந்தோசம், அதில் இறங்க முடியாததற்குத் துக்கம், இரண்டும் ஒரே பயணத்தில். அதற்கு முன், மார்ச் 28இல், வடக்கில் கிட்டத்தட்ட 6,000 ஏக்கருக்கு உரிமை காட்டு, இல்லாவிட்டால் அரச காணி என்று வர்த்தமானி போட்டிருந்தார்கள். இடம்பெயர்ந்து காணி உறுதி தொலைந்த சனம் எதைக் காட்டும்? எதிர்ப்புக் கிளம்பி, உச்ச நீதிமன்றமும் தடை போட்ட பிறகுதான் பின்வாங்கினார்கள். தையிட்டியில் தனியார் காணியில் கட்டிய விகாரைக்கு முன்னால் காணிக்காரர் இன்னும் ஒவ்வொரு போயா நாளும் நிற்கிறார்கள்.

1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று வாக்குறுதி கொடுத்தவர்கள் அதே சட்டத்தில், இஸ்ரேலுக்கு எதிராக ஸ்டிக்கர் ஒட்டிய 22 வயது முஸ்லிம் பிள்ளையை இந்த மார்ச்சில் உள்ளே போட்டார்கள். ஆகவே தொனிக்கு நான் புள்ளி போடுவதை நிறுத்திவிட்டேன்.

19 ஒக்டோபர்

புத்தளத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “செம்மணி பற்றி இவ்வளவு எழுதினீர்கள். எங்களைப் பற்றி ஒரு வரி இல்லை.”

அவர் சொல்வது சரி. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரையும், எழுபதாயிரத்துக்கும் மேலான சனத்தை, விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த நேரம் இரண்டு மணித்தியாலம். அதே வருடம் ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். அரசு பதில் சொல்ல வேண்டும் என்று நாம் கேட்கிற அதே வாயால் இதையும் சொல்ல வேண்டும். நாலு மாதம் எழுதிய பிறகு, அதுவும் அவர் கேட்ட பிறகுதான் எனக்கு வந்தது. அதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

31 ஒக்டோபர்

யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேற்றி நேற்றோடு 35 வருடம். இரண்டு நாளாக இதை எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன்.

ஜூலை 6இல் நான் எழுதிய தையல் மெஷின் நினைவிருக்கும். அது 1990 கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்போது பாவித்த சாமான்கள் மலிவாக விற்பனைக்கு வந்தன. கதவு, அலுமாரி, மெஷின். யாருடையவை என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை. அம்மம்மாவும் கேட்கவில்லை. ஆறு பிள்ளைகளின் உடுப்பு அதில்தான் தைத்தார். மாமாவின் அந்த நீலச் சேட்டும் அதில் தைத்ததுதான் என்று அம்மா சொல்கிறார்.

அம்மம்மாவை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. பயமும் வறுமையும் இருந்த காலம். ஆனாலும் பிள்ளையை இழந்த தாய் என்று அவரைப் பற்றி எழுதிய நான், இதை மறைத்துக்கொண்டு மேலே எழுத முடியவில்லை.

மெஷின் இன்னும் சாமியறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நேற்று அம்மா அதை மறுபக்கம் சரித்துக் காட்டினார். அடிப் பலகையில் ஆணியால் கீறிய ஒரு பெயர். ஒரு பெண்ணின் பெயர், தமிழில், கொஞ்சம் கோணலாக. அம்மாவுக்கு இவ்வளவு காலமும் தெரியும்.

2 நவம்பர்

“திருப்பிக் கொடுப்பீர்களா?” என்று கேட்டவர்களுக்கு: அம்மாவிடம் கேட்டேன். “ஆளைக் கண்டுபிடி முதல்லை” என்றார்.

கீறலில் திருநீற்றைத் தேய்த்து எழுத்து தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்தேன். பெயரை இங்கே போடவில்லை. புத்தளம் வாசகருக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெருவிலிருந்து போன குடும்பங்களிடம் விசாரித்துப் பார்க்கிறேன் என்றிருக்கிறார்.